கடல் கடந்த குரல்கள்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பர். நிலாக் கால இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்து அவ்வொலியைக் கேட்பது எம்மவர் வழக்கம். இத்தகைய ஊரில் வளர்ந்தவனுக்குத் தொலைதூர வானொலி கேட்பதில் நாட்டம் பிறந்தது வியப்பன்று.

பகலில் மத்திய அலை ஒலிபரப்பு நெடுந்தொலைவு செல்வதில்லை. ஞாயிற்றின் கதிர்களால் அயனமண்டலத்தின் கீழ்ப்படை மின்னேற்றம் பெற்று, மேலெழும் அலைகளை உறிஞ்சிவிடுகின்றது. பொழுது சாய்ந்ததும் அப்படை கலைந்துவிடும். அலைகள் மேற்படையிற் பட்டுத் தொலைநாடுகளில் வந்திறங்கும். மேலும், உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால், கடற்பரப்பை ஒட்டி வரும் அலைகள் தரைமீது வருவனபோல் விரைவில் நலிவதில்லை. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வாவியும் சூழ்ந்த கல்லடிக்கு இது இயற்கை அளித்த கொடையன்றோ!

1990களில் நான் மாணவன். போர்க்காலத்து இரவுகளில் வீதியில் இறங்க எவரும் துணியார். கதவடைத்த வீட்டினுள் பெட்டியின் குமிழை மெல்லத் திருகுவேன். 936 கிலோஹேர்ட்ஸில் திருச்சிராப்பள்ளி எளிதிற் கிட்டும். 684இல் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள போர்ட் பிளேயர் அலைபோல் எழுந்து அமிழும். பெட்டியைச் சற்றே திருப்பினால் ஒரு நிலையம் மங்கி மற்றொன்று தெளியும். செய்தியின் பாதி புரியாது; ஆயினும், பாலத்தைக் கடக்கவும் அஞ்சிய எமக்கு, உலகம் எம் தெருவோடு முடிந்துவிடவில்லை என்ற உறுதியை அக்குரல்கள் தந்தன.

இன்று நிலையங்கள் பல ஓய்ந்துவிட்டன. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலில் நின்றது. எல்.இ.டி. விளக்குகளும் கைபேசி மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் எஞ்சிய குரல்களை மூடுகின்றது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோதுதான் அவ்விரைச்சல் அடங்கியது. மின்கலத்தில் இயங்கிய என் பழைய பெட்டியில் அயல்நாட்டு நிலையங்கள் மீண்டும் தெளிந்தன.

மாணவர்கள் கைபேசியை விலக்க வேண்டும் என்று நான் கூறேன். நினைத்தவுடன் கிடைக்கும் ஒலியைக் கேட்கச் செவி போதும். தொலைவிலிருந்து தளர்ந்து வரும் குரலைக் கேட்கப் பொறுமை வேண்டும். அப்பொறுமை மனிதரிடம் பழகுவதற்கும் உதவும். வீட்டில் பழைய வானொலிப் பெட்டி இருந்தால், அதனை எறிந்துவிடாதீர்கள். ஒரு மாலை கடற்கரைக்கு எடுத்துச் சென்று, இருள் சூழும்வரை காத்திருந்து பாருங்கள்.