தேனுக்கும் ஒரு பக்குவம்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த நாம், பெட்டியில் துணிமணிகளோடு சில கைம்மருந்துகளையும் கொண்டுவந்தோம். தில்லிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டும்போதுதான் அவற்றின் அருமை புலப்படுகிறது. என் இல்லத்தில் அத்தகைய மருந்து, துளசியும் சுக்கும் ஊறிய தேன்.

என் அன்னை கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்தவர். சித்த மருத்துவர்கள் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தருவர். தேனை அனுபானம் என்பர். அன்னையோ மருந்தையே தேனில் ஊறவைத்துவிடுவார்.

தலைநகருக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் நானே அதைச் செய்ய முற்பட்டேன். தொட்டித் துளசியைப் பறித்துக் கழுவி, நீர் சொட்டச் சொட்டச் சீசாவில் இட்டுத் தேனை ஊற்றி மூடினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி வழிந்தது. கள்ளின் நெடி வீசிற்று. தொலைபேசியில் அன்னையிடம் முறையிட்டேன். “ஈரத்தோட போட்டுட்டியா, கண்ணு?” என்று சிரித்தார்.

அந்த ஒரு வினாவில் அறிவியல் அடங்கியிருந்தது. நல்ல தேனில் நீர் பெரும்பாலும் நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவு. அந்த அடர்த்தியில், புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக மாட்டா. இலையின் நீர் கசிந்து கலந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன.

ஆகவே இப்போது, கடுங்குளிரில் துளசி கருகுமுன், ஐப்பசியிலேயே இலைகளைப் பறித்துவிடுகிறேன். கையால் நொறுங்கும்வரை நிழலில் உலர்த்தி, ஈரமற்ற கண்ணாடிச் சீசாவில் பாதியளவு இட்டு, தட்டிய சுக்கு இரண்டு துண்டு சேர்த்து, இலை மூழ்கத் தேன் ஊற்றுகிறேன். அடுப்பில் ஏற்றுவதில்லை. நாள்தோறும் ஒருமுறை சீசாவைக் கவிழ்த்து நிமிர்த்தினால் இரண்டு வாரத்தில் மணம் இறங்கிவிடும்; பிறகு வடிகட்டலாம். இப்பகுதியில் கிடைக்கும் கடுகுப்பூத் தேன் குளிரில் நெய்போல் உறையும். கலப்படம் என்று கொட்டிவிட வேண்டா. வெந்நீரில் சீசாவை நிறுத்தினால் இளகிவிடும்.

சென்ற ஆண்டு அன்னை இங்கு வந்திருந்தார். தங்கையும் தன் எட்டு மாதக் குழந்தையுடன் வந்திருந்தாள். ஓரிரவு குழந்தை இருமிற்று. அன்னை தேனில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் வாயருகே கொண்டுசென்றார். நான் அந்தக் கையைப் பற்றித் தடுத்தேன். “உனக்கு நான் தடவலயா? நீ வளரலயா?” என்றார். குரல் தழுதழுத்தது. மறுமொழி கூற எனக்கு நாவெழவில்லை.

மறுநாள், மருத்துவர் எனக்கு விளக்கியதை அவருக்குச் சொன்னேன். தேனில் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். தசைகள் தளர்ந்து மூச்சே தடைப்படலாம். காய்ச்சினாலும் அவ்வித்துகள் எளிதில் அழியா. நம்மைப் போன்ற வளர்ந்தோர் குடலில் அவை முளைப்பது மிக அரிது. “ஈரம் போகாத இலைக்குத் தேன் ஆகாது என்று எனக்குச் சொன்னது நீதானே அம்மா? பிஞ்சுக் குடலும் இன்னும் பக்குவப்படவில்லை” என்றேன்.

அன்னை நெடுநேரம் பேசவில்லை. மாலையில் சிறு சீசா ஒன்றில் தேனை வடித்து ஊற்றினார். ஒரு தாளில் குழந்தையின் முதற் பிறந்தநாளைத் தம் கையால் எழுதி அதன்மேல் ஒட்டி, உயர்ந்த அலமாரித் தட்டில் வைத்தார்.

அந்த நாள் வந்தபோது அன்னை மீண்டும் இங்கே இருந்தார். சீசாவை எடுத்தவர் உடனே திறக்கவில்லை. “டாக்டரை இன்னொரு தரம் கேட்டுக்க, கண்ணு” என்றார். கேட்டேன்; தடையில்லை என்றார் மருத்துவர். அதன் பின்னரே அன்னையின் விரல் தேனைத் தொட்டது. பேத்தி சப்புக்கொட்டினாள். சீசாவை மூடுமுன், உள்ளே ஈரம் படாதபடி அதன் வாயைத் துடைத்தார் அன்னை.