கணக்கும் கருவியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். வாலாஜாபாத்துக்கு அண்மையில் அமைந்துள்ள சிற்றூர் அது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையையும் பற்றிக் கூறுகின்றது. மருத்துவனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு நெல், அறுவை செய்பவனுக்கு இவ்வளவு, மருந்துக்கு வேண்டியவற்றைக் கொணர்வோர்க்கு இவ்வளவு, நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு செலவும் இனம் இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

அங்கிருந்து தெற்கே சென்றால் உத்தரமேரூரை அடையலாம். குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற ஊர் அது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் எழுதப்பெற்ற அக்கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் முன்பு பணியாற்றிக் கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. கணக்கு என்பது எண்களை எழுதி வைப்பதோடு முடிவதன்று. பிறர் காண எடுத்துக் காட்டும் கடமையும் அதில் அடங்கும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

கல்லிலும் ஓலையிலும் எழுதிய கணக்கு, பின்னர்த் தாளுக்கு வந்தது. இன்று கணினித் திரைக்கு வந்துள்ளது. திரையில் தோன்றும் கணக்குத் தாளுக்கு விரிதாள் என்பது பெயர். கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் குறுக்கிட்டுப் பல கட்டங்களாக அமைந்தது அது. கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. அமெரிக்க நாட்டில் வணிகவியல் பயின்ற டான் பிரிக்ளின் என்னும் மாணவர், கரும்பலகையில் எழுதிய கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். ஓர் எண்ணை மாற்றியவுடன் ஏனையவை தாமே மாறும் பலகை இருந்தால் எத்துணை நலமாகும் என்று எண்ணினார். அவரும் பாப் பிராங்ஸ்டன் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய ‘விசிகால்க்’ என்னும் விரிதாள் 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘எக்செல்’ என்பது 1985இல் தோன்றியது. இன்று சிற்றூர்ப் பண்டகசாலை முதல் பெரிய வங்கிகள் வரை விரிதாள் பரவியுள்ளது.

விரிதாளில் ஒரே வேலையைப் பன்முறை செய்ய நேர்வதுண்டு. அதற்குரிய கட்டளைகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், வேண்டும்போதெல்லாம் கணினியே அவற்றை வரிசையாக நிறைவேற்றும். அவ்வாறு எழுதி வைக்கப்பெறும் கட்டளைத் தொடருக்கு ‘மேக்ரோ’ என்று பெயர். நாம் தெரிந்தெடுக்கும் கட்டங்களிலுள்ள எண்களைத் தானே கூட்டித் தருமாறும் ஒரு மேக்ரோவை அமைக்கலாம்.

அது தொழிற்படும் முறை எளியது. நாம் சுட்டியைக் கொண்டு சில கட்டங்களைத் தெரிந்தெடுக்கிறோம். அவை அடுத்தடுத்து இருத்தல் வேண்டும் என்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியும் இருக்கலாம். தெரிவு மாறிய அக்கணமே மேக்ரோ விழித்துக்கொள்கிறது. முதலில் தொகை சுழியம் என்று வைத்துக்கொள்கிறது. பின்னர், தெரிந்தெடுத்த கட்டங்களை ஒவ்வொன்றாக அணுகுகிறது. அதிலுள்ளது எண்தானா என்று பார்க்கிறது. எண்ணாயின் தொகையோடு சேர்க்கிறது. அன்றாயின் விட்டுவிட்டு அப்பால் செல்கிறது. கட்டங்கள் முடிந்ததும், குறித்த இடத்தில் தொகையை எழுதுகிறது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக் கூட்டிய சிறுவனும் இதே முறையைத்தான் கையாண்டான். விரைவு ஒன்றே வேறுபாடு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அறுவடைக் காலத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் உழவர் நால்வர் நெல் கொண்டுவந்து அளக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் 42 மூட்டை, மற்றொருவர் 36, மூன்றாமவர் 58, நான்காமவர் 64. நான்கு கட்டங்களையும் தெரிந்தெடுத்த மாத்திரத்தில் 200 என்று தொகை தோன்றுகிறது. எழுத்தர் உள்ளம் மகிழ்கிறது.

ஆயின், நான்காவது கட்டத்தில் 64 என்று மட்டும் எழுதாமல் ‘64 மூட்டை’ என்று எழுதியிருந்தால் யாது நிகழும்? கணினி அதனை எண்ணாகக் கருதாது. சொல்லாகக் கருதித் தள்ளிவிடும். தொகை 136 என்று வரும். பிழை நேர்ந்தது என்று கணினி எச்சரிக்கையும் செய்யாது. மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ எனின், 2,560 கிலோ நெல் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அந்நெல்லை விளைவித்தவர் நான்கு திங்கள் சேற்றிலும் வெயிலிலும் உழைத்தவர். தம் உழைப்பின் பயன் ஏட்டில் ஏறவில்லை என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

பிழை வரும் வழி இது ஒன்று மட்டுமன்று. நான்கு எண்களுக்குக் கீழே 200 என்று முன்பே தொகை எழுதியிருக்க, அக்கட்டத்தையும் சேர்த்துத் தெரிந்தெடுத்தால் 400 என்று வரும். இல்லாத நெல் ஏட்டில் குவிந்துவிடும். பார்வைக்குத் தோன்றாதபடி சில வரிசைகளை மறைத்து வைத்திருந்தால், அவற்றிலுள்ள எண்களும் அறியாமலே தொகையில் கலந்துவிடக்கூடும். மேலும், எக்செல்லில் மேக்ரோ ஒன்று தாளில் மாற்றம் செய்துவிட்டால், முந்தைய நிலைக்கு மீளும் வசதி பொதுவாக அற்றுப்போகும். ஆதலின் மேக்ரோவை இயக்குமுன் தாளின் படி ஒன்றைத் தனியே காத்து வைத்தல் அறிவுடைமை.

கற்றுத் துறைபோகிய அறிஞரும் இவ்வகைப் பிழைக்கு விலக்கல்லர். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளியல் பேராசிரியர் இருவர், நாடுகளின் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அரசின் செலவைக் குறைக்க வேண்டும் என வாதிட்டோர் பலர் அதனை மேற்கோளாகக் காட்டினர். தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர், தம் பல்கலைக்கழகப் பயிற்சிக்காக அவ்வாய்வைத் தாமும் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. ஆய்வாளரிடமே கேட்டு அவர்களுடைய விரிதாளைப் பெற்று நோக்கினார். சராசரி காணும் இடத்தில் 20 நாடுகளுக்குரிய வரிசைகளைத் தெரிந்தெடுப்பதற்கு மாறாக 15 மட்டுமே தெரிந்தெடுக்கப்பட்டிருந்தன. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானபோது, அப்பிழையைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். ஆய்வு முறையைப் பற்றி வேறு கருத்து வேறுபாடுகளும் இருந்தன. எனினும் கட்டங்களைத் தெரிந்தெடுத்ததில் நேர்ந்த பிழையை மறுப்பார் எவரும் இலர்.

இங்குக் கருதத்தக்கன இரண்டு. கணினி கூட்டலில் தவறவில்லை; தனக்குக் காட்டிய எண்களைச் செம்மையாகவே கணக்கிட்டது. எவற்றைக் காட்டுவது என்னும் தெரிவிலேதான் பிழை நேர்ந்தது. அது மனிதனின் வேலை. அடுத்து, ஆய்வாளர் தம் கணக்கைக் கேட்டவர்க்குக் காட்டினர். அதனாலேயே பிழை வெளிப்பட்டது. பூட்டி வைத்திருப்பின் அது நெடுங்காலம் உண்மையென உலவியிருக்கும்.

ஆகவே மேக்ரோவைப் பயன்படுத்துவோர் சில பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் வேண்டும். தொகை வந்தவுடன் மனத்தால் ஏறத்தாழ மதிப்பிட்டு அது பொருந்துமா என நோக்குதல் ஒன்று. எத்தனை கட்டங்கள் கூட்டப்பட்டன, எத்தனை விடப்பட்டன என்பதையும் மேக்ரோவே எழுதிக் காட்டுமாறு அமைத்தல் மற்றொன்று. முன் கூறிய நெற்கணக்கில் ‘மூன்று கட்டங்கள் கூட்டப்பட்டன, ஒன்று விடப்பட்டது’ என்று திரை அறிவித்திருந்தால், எழுத்தர் நொடிப்பொழுதில் பிழையைத் திருத்தியிருப்பார். கணக்கை மற்றொருவர் பார்வைக்கு வைத்தல் எல்லாவற்றினும் சிறந்த பழக்கம்.

கருவி நம் கைக்கு விரைவைத் தருகிறது. பொறுப்பை அது ஏற்றுக்கொள்வதில்லை. குடத்தில் பெயர் இடும் தகுதியைக் கணக்குக் காட்டும் நேர்மையோடு பிணைத்தனர் உத்தரமேரூரார். விரலால் ஒரு பொத்தானை அழுத்தித் தொகை காணும் இளைஞர்க்கும் அந்நேர்மையே அழகாகும்.