தூக்குவாளி

சென்ற ரமலானில் இருபது நாட்கள் சென்னையில் தங்க நேர்ந்தது. என் தம்பி மகளுக்கு அங்கே செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மணமாகி ஒன்பதாண்டுகள். கணவன் மனைவி இருவருக்குள்ளேயே நிகழும் இச்சிகிச்சை மார்க்கத்தில் ஆகுமானதுதான் என்று எகிப்தில் 1980ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களின் வாய்க்குத் தீர்ப்பளிப்பவர் எவருமில்லை. அதனால்தான் அவள் சிகிச்சையைச் சென்னையில் வைத்துக்கொண்டாள். துணைக்கு நான் சென்றேன்.

முதல் நாள் அஸருக்குப் பின் பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கச் சென்றேன். பாத்திரம் கொண்டுபோக மறந்துவிட்டேன். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சிட்டுத் தந்தார்கள். கை பொறுக்காமல் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தேன். அவள் பையைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க மாமி, எனக்கு வேணாம்" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அவள் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். அன்றிரவு தராவீஹ் தொழுத பின் என்னை அருகில் அமர்த்திக்கொண்டு ஓர் எலிக்கதை சொன்னாள்.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரீசியா ஹண்ட் என்னும் அம்மையார் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பழுதான முட்டைகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு இருப்பது வழக்கம். திடீரென்று அது 40 ஆயிற்று. காரணம் தேடி அலைந்தபோது அகப்பட்டது ஒரு சோப்புநீர்! எலிக்கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவுகிறவர், தரை கழுவும் கடுமையான மருந்தைத் தவறாக எடுத்துவிட்டார். பாலிகார்பனேட் என்னும் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, அதிலிருந்து 'பிஸ்பீனால் ஏ' கசிந்திருந்தது. எலிகளுக்கு யாரும் நஞ்சு வைக்கவில்லை; சுத்தம்தான் செய்தார்கள். இப்பொருள் பெண்மைக்குரிய சுரப்புநீரைப் போல நடிக்கும் என்பதை சார்லஸ் டாட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1936ஆம் ஆண்டிலேயே கண்டு சொல்லியிருந்தாராம். அதன் பின்னரே அதைக் கொண்டு பாத்திரம் செய்தார்கள் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

"எலி சரி, மனுஷி?" என்று கேட்டேன்.

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், தன்னைப்போல் சிகிச்சைக்கு வந்த பெண்களின் சிறுநீரைப் பல்லாண்டுகள் சோதித்து வந்ததைச் சொன்னாள். பிளாஸ்டிக்கை இளக்குவதற்குச் சேர்க்கும் 'தாலேட்' வகைப் பொருள் ஒன்றின் கழிவு மிகுதியாக இருந்தவர்களிடம் கிடைத்த முட்டைகள் குறைவு, பிள்ளைப்பேறும் குறைவு என்று 2016இல் வெளியிட்டார்கள். ஆராயப்பட்டவர்கள் 256 பெண்கள். பிஸ்பீனால் ஏ பற்றியோ அவர்களே இருவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் முட்டை குறைகிறது என்றார்கள். பின்னர் இன்னும் அதிகமான பெண்களைச் சோதித்துவிட்டு, 2015இல் அத்தகைய தொடர்பைக் காணவில்லை என்றார்கள். இதையும் மறைக்காமல் சொன்னதால்தான் அவள் பேச்சில் எனக்கு நம்பிக்கை உண்டாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், நான் ஏந்தி வந்த பை அத்தனை பெரிய குற்றவாளி அல்லவாம். அத்தகைய பைகள் பெரும்பாலும் பாலித்தீன். அதற்கு இளக்கும் பொருள் தேவையில்லை. ஆனால் எதை உருக்கி அந்த மெல்லிய பையைச் செய்தார்கள் என்று யார் அறிவார் என்றாள். அவளுடைய அச்சமெல்லாம் வெயிலில் வண்டியேறி வரும் தண்ணீர்க் கேன், கடையில் தரும் வழவழப்பான ரசீது, உணவைச் சுடவைக்கும் டப்பா இவற்றின் மீதுதான். மருத்துவமனையில் நரம்பில் மருந்தேற்றும் குழாய்களிலும் அதே தாலேட் இருப்பதுண்டு என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பா என்றதும் நெஞ்சு திடுக்கிட்டது. அவள் திருமணத்துக்கு நான் கொடுத்த சீர், மலேசியாவிலிருந்து வருவித்த பிளாஸ்டிக் டப்பாக்கள். அடுக்கடுக்காய், மூடியோடு, அத்தனை அழகு! ஒன்பதாண்டுகள் அவற்றில்தான் சோறும் ஆணமும் சுடவைத்து உண்டிருக்கிறாள்.

"அப்போ என் டப்பாவாலதானா?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். "ஒருத்திக்குப் பிள்ளையில்லாததுக்கு இந்த டப்பாதான் காரணம்னு உலகத்துல எந்த ஆய்வாலயும் சொல்ல முடியாது மாமி. கூட்டத்துக்குச் சொல்லலாம், ஆளுக்குச் சொல்ல முடியாது."

அந்தச் சொல் எனக்கு ஆறுதலாயிற்று, சினமும் மூட்டிற்று. ஜின் பார்வை என்றும், யாரோ வைத்த கண் என்றும், படிப்புத் திமிர் என்றும் இத்தனை காலம் அவள் தலையில் ஏற்றிய பழிகளோடு இனி பிளாஸ்டிக்கும் சேரும். மருத்துவமனையில் தந்த "தவிர்க்க வேண்டியவை" தாள்கூட அவள் கையில்தான் கொடுக்கப்பட்டது. ஆணின் வித்தணுவோடும் இப்பொருள்களைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் உண்டு. அவள் கணவருக்கு அத்தாளில் ஒரு வரியும் இல்லை.

இப்பொருள்கள் உடலில் நெடுநாள் தங்குவதில்லை என்பது மட்டும் நல்ல செய்தி. 2011இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு, டப்பியிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத புது உணவை மூன்று நாட்கள் கொடுத்தார்கள். பிஸ்பீனால் ஏ சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிட்டது. ஆனால் 'பிஸ்பீனால் ஏ அற்றது' என்று எழுதி விற்கும் பாத்திரங்களைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. அதற்கு மாற்றாகச் சேர்த்த பொருள்களும் எலிகளுக்கு அதே கேட்டைச் செய்வதாக அந்த ஹண்ட் அம்மையாரே 2018இல் எழுதியிருக்கிறார்.

மறுநாள் கடைத்தெருவுக்குச் சென்று ஒரு மண்பானையும் எவர்சில்வர் தூக்குவாளியும் வாங்கி வந்தேன். மாலையில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கணவர் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீங்க இருங்க மாமி, நான் போறேன்" என்றார். மாடியிலிருந்து பார்த்தேன். பைக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்த வரிசையில், வெயில் பட்டு அந்த வாளி ஒன்று மட்டும் பளபளத்தது.