முற்றுப்பெறாத கோபுரம்

எம் பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு கணினி விளையாட்டின் வரலாற்றைச் சொன்னார். பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ பெரும் புகழ் பெற்றது. அதன் இரண்டாம் பாகத்தை அப்சிடியன் என்னும் வேறொரு நிறுவனம் விரைந்து உருவாக்க, அது 2004 திசம்பரில் வெளிவந்தது. ஆழமான கதைதான், ஆயினும் காலக்கெடு நெருக்கவே, கதையில் வரவேண்டிய ஒரு கிரகமே நீக்கப்பட்டது, இறுதிப் பகுதி சிதைந்து நின்றது. ரசிகர்கள் மனம் கசந்தனர்.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாதவனைக் குறித்து ஆண்டவர் கூறிய உவமை நினைவுக்கு வந்தது. காண்போர் அவனை ஏளனம் செய்வர். ஆனால் இங்கு நடந்தது வேறு. ரசிகருள் சிலர், கோப்புகளுக்குள் புதைந்து கிடந்த உரையாடல்களையும் காட்சிகளையும் தேடியெடுத்து, ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்து, 2012 அளவில் அதனைப் பெரிதும் செப்பனிட்டனர்.

அன்றிரவு என் மனச்சான்று உறுத்தியது. ஆயத்தமின்றி மறையுரையை அவசரமாய் முடித்த ஞாயிறுகள் எத்தனை! மக்கள் ஏளனம் செய்யவில்லை. நான் விட்டதைத் தம் செபத்தால் நிரப்பினர். அதனால் என் குற்றம் நீங்கிவிடாது. எனினும் ஏமாற்றமடைந்த அன்பு பழிக்கவும் செய்யலாம், பழுது நீக்கவும் செய்யலாம். முன்னது எளிது, பின்னதே திருச்சபையைத் தாங்கி நிற்கிறது.