அஞ்சு ரூபாய் காசும் பேஸ் கிட்டாரும்

தலைப்பைப் பார்த்துட்டு பொருளாதாரம்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது முழுக்க முழுக்க ஸ்க்ரூ திருகின கதை. அதுவும் தப்பான பக்கம் திருகின கதை. :-)

எங்க ஊர் பெண்ணாடம். விழுப்புரம் - திருச்சி லைன்ல விருத்தாசலம் தாண்டினதும் வர்ற ஊர். தூங்கும் யானையோட முதுகு மாதிரி விமானம் இருக்கிற பிரளயகாலேஸ்வரர் கோயில், சுத்தி கரும்பு, பக்கத்துல வெள்ளாறு. எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, எங்க மாமாதான் சம்பந்தம். அம்மாவோட தம்பி. தொண்ணூறுகள்ல இந்தப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒண்ணுல பேஸ் வாசிச்சவர். மாசி மகம், தீமிதி, கல்யாணம்னு விடிய விடிய கச்சேரி. 2000-க்கு அப்புறம் கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸும் வாசிச்சுடுவார்னு ஆனதும், குழுவுக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். மாமாவோட பேஸ் பெட்டிக்குள்ள போய், பெட்டி கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

கல்லூரியில பேண்டு ஆரம்பிச்சோம், பேஸ் வாசிக்க ஆள் இல்ல. நான் கை தூக்கிட்டேன். மாமாகிட்ட கேட்டேன். "எடுத்துக்கடா மாப்ள, கரையானாவது பொழைக்கட்டும்"னார். புரியல, ஆனா எடுத்துக்கிட்டேன்.

பெட்டியில பேஸ், ஒரு வயர், ரெண்டு பழைய தடியான அஞ்சு ரூபாய் காசு. காசுல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில ஒரு டீ, ஒரு வடை. காசு தீர்ந்தது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

ஆம்ப்ளிஃபையர்ல மாட்டினா டி, ஜி கம்பி ரெண்டும் கத்துது. தடியான ஈ, ஏ கம்பி ரெண்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுது. பேஸ் கிட்டார்ல அடித்தொண்டையே இல்லைன்னா அப்புறம் எதுக்கு? பிக்கப் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். புதுசு போட ரெண்டாயிரத்துக்கு மேல ஆகும்னாங்க. அந்தப் பணத்துக்கு நான் எங்க போக?

பிக்கப்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக: கம்பிக்குக் கீழ இருக்கிற அந்தக் கறுப்புக் கட்டி. உள்ள காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. காந்தம் மேல இருக்கிற எஃகுக் கம்பியையும் காந்தமாக்கும். கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் ஆடும், சுருள்ல மின்சாரம் பிறக்கும். 1831-ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம். ப்ளஸ் டூவுல அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு மறந்தோமே, அதேதான்.

கழட்டிப் பார்த்தா அடியில கன்னங்கரேல்னு ஒரு காந்தப் பட்டை. விருத்தாசலம் பீங்கான் தொழில்நுட்ப பாலிடெக்னிக்ல படிக்கிற நண்பன்கிட்ட காட்டினேன். "டேய், இது எங்க ஐட்டம்டா"ன்னான். இரும்பு ஆக்சைடோட பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்து, அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கிறதாம். பேரே செராமிக் காந்தம். பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யிற ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, என் கிட்டாருக்குள்ளயும் பீங்கான் ஜாதி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியல பாருங்க.

அவன்தான் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, "சுருள் நல்லாத்தான் இருக்கு, உயரத்தைப் பாரு"ன்னான்.

மாமாவோடது 1957-ல ஃபெண்டர் கொண்டுவந்த டிசைனோட நகல். பிக்கப் ரெண்டு துண்டு. ஈ, ஏ கம்பிக்கு ஒண்ணு, டி, ஜி கம்பிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஸ்க்ரூ. பார்த்தா ஈ துண்டு குழிக்குள்ள புதைஞ்சு கிடக்கு, ஜி துண்டு தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. சரி, ஸ்க்ரூவை முறுக்கினா மேல வரும்னு முறுக்கினேன். இன்னும் கீழ போச்சு! பேஸ்ல ஸ்க்ரூ நேரா மரத்துல இறங்குது. முறுக்கினா பிக்கப் அமுங்கும். தளர்த்தினா, அடியில இருக்கிற ஸ்பாஞ்ச் அதை மேல தள்ளும். தளர்த்தினேன். வரல. ஏன்னா ஸ்பாஞ்ச் இருபது வருஷத்துல பொடியாப் போயிருக்கு. அம்மாவோட பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி வெச்சேன். (புதுசுதாம்மா, சத்தியமா.)

ஆசை யாரை விட்டது? ஈ துண்டை முடிஞ்ச மட்டும் மேல ஏத்தினேன். சத்தம் அள்ளுச்சு. ஆனா மேல் ஃபிரெட்டுல வாசிச்சா சுருதி நடுங்குது, ட்யூனர் முள் குடிகாரன் மாதிரி ஆடுது. காந்தம் ரொம்பக் கிட்ட வந்தா கம்பியைப் பிடிச்சு இழுக்கும், அதிர விடாது. அதனாலதான் ஒரு கணக்கு. கம்பியைக் கடைசி ஃபிரெட்டுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கம்பியோட அடிக்கும் பிக்கப்போட காந்த முனைக்கும் நடுவுல அளக்கணும். ஃபெண்டர்காரங்க சொல்றது தடிக் கம்பி பக்கம் 2.8 மில்லிமீட்டர், மெல்லிசுக் கம்பி பக்கம் 2. தடிக் கம்பியில இரும்பு ஜாஸ்தி, தானாவே சத்தம் ஜாஸ்தி, அதனால அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. இதெல்லாம் ஆரம்பப் புள்ளிதான், மிச்சத்தைக் காது சொல்லணும். ஸ்டீல் ஸ்கேல் வெச்சு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். நாலு கம்பியும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி பேச ஆரம்பிச்சுது.

பெருமையா மாமா வீட்டுக்கே ஆம்ப்ளிஃபையரோட தூக்கிட்டுப் போனேன். "யாரோ உங்க பிக்கப்பைக் கண்டபடி வெச்சிருந்தாங்க மாமா, நான் சரி பண்ணிட்டேன்"னு சொன்னேன்.

மாமா பேஸைப் பார்த்தார். "பொட்டியில ரெண்டு காசு இருந்துச்சே?"

எனக்கு வடை ஞாபகம் வந்துச்சு.

கண்டபடி எல்லாம் இல்லையாம். அவரே வெச்ச அளவாம் அது. ஜி பக்கம் ஒரு காசு நுழையற இடைவெளி, ஈ பக்கம் ரெண்டு காசு. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாடியும் அந்தக் காசை நுழைச்சுப் பார்ப்பாராம். ஏன்னு கேட்டேன்.

"புளியமரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர்ல ஈ கம்பி எங்கடா கேக்கும்?"

யோசிச்சுப் பார்த்தா சரிதான். ஈ கம்பியோட அதிர்வு நொடிக்கு 41 தடவை. அந்தக் கூம்பு ஸ்பீக்கர் மனுஷக் குரலைத் தூரமா எறியறதுக்குச் செஞ்சது, அவ்வளவு கீழ்ச் சத்தம் அதுல வெளியவே வராது. ஆனா ஆம்ப்ளிஃபையர் மட்டும் திணறும். பாடகர், தபேலா, பேஸ் எல்லாம் ஒரே ஆம்ப்ளிஃபையர்ல போகும்போது, ஈ கம்பியை ஓங்கித் தட்டினா பாடகர் குரல் உடையும், மைக்செட்காரர் கத்துவார். அதனால மாமா ஈ, ஏ துண்டைப் புதைச்சுட்டு, டி, ஜி துண்டை ஏத்திட்டு, பாட்டோட பேஸை எல்லாம் கழுத்துக்கு மேலே போய் ஒரு ஸ்தாயி உயர்த்தி வாசிச்சிருக்கார். அப்பதான் கடைசி வரிசைக்கு ஏதோ கொஞ்சமாவது கேட்கும். நான் எந்தப் பழைய அளவையும் குறிச்சு வைக்காம ஒரே சாயங்காலத்துல அதை அழிச்சுட்டேன். காசும் போச்சு.

"பழையபடியே வெச்சுத் தரட்டுமா மாமா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லல. பேஸை வாங்கி மடியில வெச்சுக்கிட்டார். திறந்த ஈ கம்பியை ஒரு தடவை, ஒரே தடவை, கட்டை விரலால தட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. அத்தை உள்ள இருந்து எட்டிப் பார்த்தாங்க. கம்பி அடங்கற வரைக்கும் மாமா கையை எடுக்கல.

அப்புறம் மூடுபனி (1980) படத்துல வர்ற 'என் இனிய பொன் நிலாவே' பாட்டோட பேஸை வாசிச்சார். கழுத்துக்கு மேல போகல, கீழேயே வாசிச்சார். ரெண்டு இடத்துல தப்பு வந்துச்சு, நின்னு, திரும்பி வந்து வாசிச்சார். "இந்தப் பாட்டை எத்தனை ஊர்ல வாசிச்சிருப்பேன் தெரியுமா. அந்த எடத்துல இவ்ளோ கனமா இருக்கும்னு இப்பதான்டா கேக்கறேன், என் கையாலயே"ன்னார். ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். ஜி பக்கம் கால் திருப்பு கீழே இறக்கினார். அளக்கல. கேட்டார், இன்னும் கொஞ்சம் இறக்கினார். அது என் 2 மில்லிமீட்டரை விட நல்லாவே இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க இருக்கட்டும்டா, நாளைக்கு வந்து எடுத்துக்க"ன்னார். ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துதான்.

அது நடந்து பன்னிரண்டு நாள் ஆச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கல்லூரியில நிகழ்ச்சி. நேத்து போன் பண்ணினேன், அத்தைதான் எடுத்தாங்க. பின்னாடி ஈ கம்பி கேட்டுச்சு. சும்மாதான் பண்ணேன் அத்தைன்னு வெச்சுட்டேன்.