கிச்சுகிச்சு... கதைக்குள் வரலாமா?

இந்த மலருக்கு நான் முதலில் கொடுத்தது ஒரு சிறுகதை. அது ஏன் வரவில்லை, அதற்குப் பதில் இந்தக் கட்டுரை ஏன் வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். மலர்க் குழுவின் மீது புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். புகார் இருந்தால் அது என் மேலேயேதான்.

கதை சின்னக் கதை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏலச்சீட்டுப் பணத்தால் சண்டை. இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவன் தூங்குவது மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். அவள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அவன் உள்ளங்காலில் மெல்ல இழுக்கிறாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறான். இரண்டாவது முறை கால் கட்டைவிரல் மட்டும் துடிக்கிறது. மூன்றாவது முறை சிரித்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை.

மலர்க் குழுவில் இதை வாசித்ததும் ஒரு நிமிஷம் அமைதி. பிறகு மெக்கானிக்கல் நண்பர் ஒருவர் கேட்டார்: "என்னப்பா இது, 'அந்த' மாதிரி இருக்கே?"

"எந்த மாதிரி?"

"அதான்... புருஷன் பெண்டாட்டி... ராத்திரி... இந்த மலரை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவோம். அம்மா படிப்பாங்க."

"உங்க அம்மாவுக்குத் தெரியாததையா இவன் எழுதிட்டான்?" என்று சிவில் நண்பர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியும் முடிவு வரவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மேஜையில் இருந்த மற்ற கதைகளில் இரண்டு கொலை, மூன்று தற்கொலை, ஒரு லாரி விபத்து. ரத்தம் ஆறாக ஓடியது. அதை எந்த அம்மா படித்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஈர்க்குச்சிதான் பிரச்சினையாகிவிட்டது!

கோபத்தோடு ஊருக்கு பஸ் ஏறினேன். எனக்கு ஊர் முகையூர். ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். நாம் வாழ்க்கையில் கேட்ட முதல் கதை எது? என்னைப் பொறுத்தவரை ராஜா கதையும் இல்லை, நிலாவில் பாட்டி வடை சுட்ட கதையும் இல்லை. எங்கள் ஆயா என் உள்ளங்கையில் சொன்ன கதைதான். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும். நண்டூருது நரியூருது விளையாட்டு!

ஞாபகப்படுத்திப் பாருங்கள். குழந்தையின் உள்ளங்கைதான் சட்டி. அதில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவார்கள். ஒவ்வொரு விரலாக மடக்கி அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு என்று சோறு பங்கு வைப்பார்கள். அப்புறம் கை கழுவி விடுவார்கள். அதுவரைக்கும் குடும்பக் கதை. அதற்கப்புறம்தான் விஷயமே. இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டில் ஏறும், முழங்கையைத் தாண்டும், நிற்கும், ஆயா நம் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி ஊரும். அக்குளுக்கு இன்னும் நாலு விரற்கடை இருக்கும்போதே நாம் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருப்போம். நண்டு இன்னும் வந்து சேரவே இல்லை! பாத்திர அறிமுகம், திருப்பம், சஸ்பென்ஸ், உச்சக்கட்டம் எல்லாம் அந்த ஒரு முழக் கையிலேயே முடிந்துவிடும். பேசவே தெரியாத குழந்தைக்கு அப்படி ஒரு கதை சொல்லத் தெரிந்தவள் எங்கள் ஆயா. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை.

இலக்கியத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டால் நம் முன்னோர் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. குழந்தைகளின் உடம்பைத் தொடுவது நம் உடம்புக்கு இன்பம் என்று வள்ளுவரே மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்லிவிட்டார். பெரியாழ்வார் இன்னும் ஒரு படி மேலே. கண்ணன் ஓசைப்படாமல் பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கு 'புறம் புல்கல்' என்று தனியாக ஒரு பதிகம். பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துவதற்கு 'அப்பூச்சி காட்டுதல்' என்று இன்னொன்று. எங்கள் பத்தாம் வகுப்புத் தமிழய்யா தொல்காப்பியத்து மெய்ப்பாடுகள் எட்டையும் விரல் விட்டு எண்ணுவார். அதில் நகை, அதாவது சிரிப்பு, நான்கு காரணத்தால் வரும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கிச்சுகிச்சு இதில் எதிலும் சேராதே என்று இப்போது தேடிப் பார்த்தேன். உவகையில் போய்ப் பார்த்தால் அங்கே இருக்கிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று உவகைக்கும் நான்கு. கடைசியாக நிற்கிற விளையாட்டுதான் நம் ஆள். அவர் அதைச் சிரிப்பில் சேர்க்காமல் மகிழ்ச்சியில் சேர்த்திருக்கிறார் என்று நானாக ஒரு உரை எழுதிக்கொண்டேன். தமிழய்யாக்கள் மன்னிக்க!

ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. காகிதம் யாருக்கும் கிச்சுகிச்சு மூட்டாது. கதையில் வருகிறவள் சிரிக்கலாம், படிக்கிறவன் உடம்பில் ஒன்றும் நடக்காது. 1872-ல் டார்வின் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்பதைக் கவனித்திருக்கிறார். விரல் எங்கே படப் போகிறது என்று தெரிந்துவிட்டால் கூச்சம் வராது என்பது அவர் விளக்கம். 1998-ல் லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் மூளையை ஸ்கேன் எடுத்தே பார்த்துவிட்டார்கள். நம் கை செய்யப் போவதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, வருகிற உணர்ச்சியிலிருந்து அதைக் கழித்துவிடுகிறதாம். எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சுலபமாகப் புரியும்: எதிர்பார்த்த சிக்னலும் வந்த சிக்னலும் ஒன்றானால் எரர் பூஜ்யம், சிரிப்பும் பூஜ்யம்.

அப்படியானால் கதையில் எழுத வேண்டியது விரல் பட்டதை அல்ல, விரல் வருவதை. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி 1964-ல் வந்தது. இன்றைக்கும் டிவியில் போட்டால் வீடே சிரிக்கிறது. நாகேஷ் அங்கே யாருக்கும் கிச்சுகிச்சு மூட்டவில்லை. சத்தத்தாலும் நிறுத்தி நிறுத்திச் சொல்வதாலும் பாலையாவின் முகத்தில் நண்டு ஊர விடுகிறார். நமக்கு அக்குள் கூசுகிறது. மட்டமான எழுத்தை 'கிச்சுகிச்சு மூட்டுகிறான்' என்று திட்டுவார்களே, அது இந்த வித்தையைத் திட்டுவதில்லை. நண்டு நடக்காமலே நேராக அக்குளில் குதிப்பதைத்தான் திட்டுகிறார்கள். அது நியாயம்.

இவ்வளவும் பஸ்ஸிலேயே யோசித்தாகிவிட்டது. திரும்பி வந்ததும் மலர்க் குழுவோடு மோதத் தயார். முகையூரில் இறங்கி நடக்கும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வராமலிருந்தால் கதை இந்த மலரில் வந்திருக்கும்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது விடுதியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. முதலாண்டுப் பையன் ஒருவன். தோளில் கை போட்டால்கூட நெளிவான், அவ்வளவு கூச்சம். அது தெரிந்ததும் எங்கள் ஆட்கள் நாலு பேர் அவனைக் கட்டிலில் கிடத்திக் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் விலாவில் ஆரம்பித்தார்கள். அவன் சிரித்தான். அப்படிச் சிரித்தான். "போதும்ண்ணா, போதும்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். மூச்சு வாங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதும் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. நான் பிடிக்கவில்லை, மூட்டவில்லை. வாசல்படியில் சாய்ந்து நின்று சிரித்தேன். "பாருடா, அவனே ரசிக்கிறான்" என்று சொன்னது நான்தான்.

அவன் ரசிக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வரிசையில் எங்களைப் பார்த்ததும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கினான். விலாவை மறைக்கிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கிச்சுகிச்சு சிரிப்பு சம்மதம் இல்லை. எவ்வளவு எளிய விஷயம்! டார்வின், மனம் சந்தோஷமாக இருந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும், முன்பின் தெரியாத ஆள் மூட்டினால் குழந்தை பயந்து அலறும் என்றார். 2016-ல் பெர்லினில் எலிகளை வைத்துப் பார்த்த இஷியாமா, பிரெக்ட் இருவரும் அதையேதான் கண்டார்கள். கிச்சுகிச்சு மூட்டினால் எலி நம் காதுக்கு எட்டாத சத்தம் எழுப்பிக் கையைத் துரத்தி விளையாடும். உயரமான மேடையில் வெளிச்சத்தில் வைத்துப் பயமுறுத்திவிட்டு மூட்டினால் அந்தச் சத்தம் அடங்கிவிடும். எலி நேர்மையான பிராணி. மனுஷ உடம்பு அப்படி இல்லை. 1999-ல் கலிபோர்னியாவில் கிறிஸ்டின் ஹாரிஸ் நடத்திய சோதனையில் கண்ணைக் கட்டிவிட்டு, இப்போது உன்னை மூட்டுவது மெஷின் என்று சொன்னபோதும் ஆட்கள் அதே அளவுதான் சிரித்தார்கள். (உண்மையில் அது ஒளிந்திருந்த ஆளின் கைதான்!) மெஷினிடம் யாருக்கும் பாசம் கிடையாது. அந்தச் சிரிப்பு, முட்டியில் தட்டினால் கால் உதறுகிற மாதிரி. அதைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

தமிழில் இதற்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள். விரல் பட்டாலும் கூச்சம், நாலு பேர் முன்னால் நிற்க முடியாவிட்டாலும் கூச்சம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நோட்டீஸ் போர்டில் அந்தத் தண்டனையை மட்டும் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். ராகிங் என்றால் என்ன என்று சட்டம் சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். அடி, காயம் மட்டுமில்லை. பயம், வெட்கம், கூச்சம் உண்டாக்குவதும் அதில் வரும். கேலியும் விளையாட்டாகச் செய்வதும்கூட வரும். அந்த வியாழக்கிழமை முழுசாக அதற்குள் அடங்கும்.

எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் எப்போதோ தெரிந்திருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் கட்டியக்காரன் ராஜா என்றும் பார்க்க மாட்டான், மந்திரி என்றும் பார்க்க மாட்டான். விலாவில் குத்துவான், காதில் ஊதுவான், பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அதே மேடையில் துகிலுரியும் கட்டம் வரும். துச்சாதனன் வேஷம் கட்டினவர் பாஞ்சாலி மேல் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். வேஷம்தான், பாஞ்சாலியாக நிற்பதும் மீசை மழித்த ஆம்பளைதான். இருந்தாலும் அந்தக் கைக்கு மன்னிப்பு கேட்டாக வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. எங்கள் ஆயா அந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

சினிமாவுக்குத்தான் இது வெகுநாள் புரியவில்லை. ஓடுகிற பெண்ணைத் துரத்தி இடுப்பில் கிள்ளினால் பாட்டு ஆரம்பம் என்று எத்தனை படம் பார்த்து விசிலடித்திருப்போம்! அவள் சிரித்தபடி ஓடுவாள். சிரிக்கிறாளே, அப்புறம் என்ன? 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி வெளியே நடந்த 'விளையாட்டில்' செத்துப் போனார். அதன் பிறகுதான் அதற்கும் தனிச் சட்டம் வந்தது. வாசல்படியில் சாய்ந்து நான் சொன்ன வசனமும் அந்தப் படங்களில் பொறுக்கினதுதானோ என்னவோ.

ஆகவே, கிச்சுகிச்சு கதைக்குள் வரலாமா? வரலாம். தாராளமாக வரலாம். கொலை வரும் இடத்தில் ஈர்க்குச்சி வரக்கூடாது என்பவர்களோடு இன்றைக்கும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் எழுதுகிறவன் யாருடைய தோலுக்குள் உட்கார்ந்து எழுதுகிறான் என்று எனக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. ஆயா முழங்கைக்கு மேலே நண்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள் என்றேனே, அது எதற்கு? வேண்டாம் என்றால் கையை இழுத்துக்கொள்ளலாம். நான் இழுத்துக்கொண்ட நாளும் உண்டு. அன்றைக்கு நண்டு அப்படியே திரும்பி இறங்கிப் போய்விடும். என் கதையை எடுத்து மறுபடி படித்தேன். அவள் குச்சியை இழுக்கிறாள், இழுக்கிறாள், இழுக்கிறாள். ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வைத்தது நான்.

கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மலர்க் குழு வேண்டாம் என்று சொன்னதால் இல்லை. அவர்கள் கடைசி வரை முடிவே எடுக்கவில்லை!

இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பையனிடம் காட்டினேன். இப்போது அவனும் சீனியர். நின்றுகொண்டே முழுவதும் படித்தான். வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். "போடுங்கண்ணா" என்றான். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு இடத்தை விரலால் காட்டினான். வெள்ளிக்கிழமை ராத்திரி என்று எழுதியிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை இல்லண்ணா, வியாழக்கிழமை."

திருத்திவிட்டேன்.