ஓவன் இல்லாத வீட்டில் கிரீம் ஸ்கோன்

"பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், கடப்பாக்கத்தில் இருக்கும் அந்த அம்மா, "கம்பெனியில இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுவார். கேட்டரிங் படித்த மகள் வேலை பார்ப்பதோ, மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டின் பேக்கரியில். "படிச்சிட்டு அடுப்படிக்குத்தான் போவணுமா?" என்று சொந்தத்தில் யாரோ கேட்டது அம்மாவின் மனதில் தைத்துவிட்டது.

மகளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த முறை இரண்டு நாள் விடுமுறையில் வந்தபோது மைதா, பேக்கிங் பவுடர், உலர்திராட்சை, பேரீச்சம்பழம் வாங்கி வந்தாள். தினமும் யார் யாருக்கோ செய்யும் கிரீம் ஸ்கோனை அம்மாவும் சாப்பிட்டுப் பார்க்கட்டுமே என்ற ஆசைதான்.

வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கிச் செய்யலாமா என்று யோசித்தாள். "தோசைக்கல்லுல போட்டா ஆவாதா?" என்றார் அம்மா.

விவரம் தெரியாமலே அம்மா சரியாகச் சொல்லியிருந்தார். ஸ்காட்லாந்தில் ஸ்கோனை ஆரம்பத்தில் இரும்புக் கல்லில்தான் சுட்டார்கள். வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டி, கல்லில் போட்டு எடுப்பார்கள். உப்பி நிற்கும் இன்றைய ஸ்கோன், பேக்கிங் பவுடர் வந்த பிறகு பரவியது. அந்தப் பவுடருக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக, இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1843-ல் உருவாக்கியது அது.

அடுத்த சிக்கல், கிரீம். வாங்கிவர மறந்திருந்தாள். ஃப்ரிட்ஜில் இருந்தது, அம்மா நெய் காய்ச்சச் சேர்த்து வைத்திருந்த, உறை ஊற்றாத பாலாடை. ஊர்க்கோடியில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைத் துறையிலிருந்து ஒரு காலத்தில் நெய் கப்பலேறிப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் நெய்க்கு வைத்ததை விட்டுக்கொடுப்பது லேசில்லை. ஆனாலும் அம்மா கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

250 கிராம் மைதாவில் 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துச் சலித்தாள். பழங்களை 10 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, பொடியாக நறுக்கி அரை கப் போட்டாள். பாலாடையைக் கொஞ்சம் பால் விட்டுக் கட்டியில்லாமல் அடித்து, 200 மில்லி அளவுக்கு ஊற்றினாள். கிரீமில் இருக்கும் கொழுப்பே வெண்ணெய் வேலையையும் செய்துவிடும். முட்டை வேண்டாம்.

அம்மா பழக்கத்தில் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையப் போனார். "ஐயோ, பிசையாதம்மா!" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிசையப் பிசைய மாவில் இழுவை கூடி, ஸ்கோன் ரப்பர் போல ஆகிவிடும். ஒன்று சேர்ந்தால் போதும், நிறுத்திவிட வேண்டும்.

மாவை இரண்டு உருண்டையாக்கி, அரை அங்குல கனத்துக்குத் தட்டி, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினார்கள். வெளியே துருத்திய திராட்சையை உள்ளே அழுத்திவிட்டார்கள். இல்லையென்றால் கருகிக் கசக்கும். கனமான கல்லில், மிகக் குறைந்த தீயில், மூடி போட்டு ஒரு பக்கத்துக்கு 8 நிமிடம். வெட்டிய ஓரத்தைத் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. அதுதான் வெந்ததற்கு அடையாளம்.

"இங்கிலாந்துல டெவன்காரங்க கிரீம் தடவிட்டு அதுமேல ஜாம் வைப்பாங்க. கார்ன்வால்ல முதல்ல ஜாம், அப்புறம்தான் கிரீம். இன்னைக்கும் சண்டைம்மா" என்றாள் மகள். அம்மா இரண்டும் இல்லாமல் டீயில் தொட்டுச் சாப்பிட்டார்.

"பன்னும் இல்ல, பிஸ்கட்டும் இல்ல. நல்லாத்தான்டி இருக்குது. இத ஒரு நாளைக்கு எத்தினி சுடுவ?"

"சீசன்ல இருநூறு ஆவும்மா. காலைல நாலு மணிக்கு ஆரம்பிப்போம்."

அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணிக் கணக்கு அவருக்கு அன்றுதான் தெரியும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்கு நாலு ஸ்கோனைத் தட்டில் வைத்து அவரே எடுத்துப் போனார். இது என்ன என்று அவர்கள் கேட்பதற்குள் சொல்லிவிட்டார்: "எம்பொண்ணு வேலை செய்யிற எடத்துல இதத்தான் சுடுறா. அடுப்படி வேலைதான். சாப்பிட்டுப் பாருங்க."